நிலத்தை உறையவைத்துத் தோண்டும் பணி: முதன்முறை பொறுப்பேற்கும் பொறியாளருக்கு ஒரு வழிகாட்டி

நீர் நிறைந்த மண்ணில் எஃகுக் குழாய்களை வரிசையாக இறக்கி, அவற்றினுள் கடுங்குளிர்த் திரவத்தைச் சுழலவிட்டு, மண்ணிலுள்ள நீரை உறையச் செய்து, அந்த உறைமண்ணையே தற்காலிகச் சுவராகவும் நீர்த்தடுப்பாகவும் வைத்துக்கொண்டு தோண்டும் பணியில் முதன்முறையாகச் சேரப்போகும் இளம் பொறியாளருக்காக இதை எழுதுகிறேன். நான் இத்தகைய பணியில் சேர்ந்தபோது கையில் கிடைத்த குறிப்புகள் பெரும்பாலும் குளிர்நாடுகளில் எழுதப்பட்டவை. வெப்ப மண்டலத்தில் அந்தக் கணக்குகள் எந்த அளவுக்கு மாறும், எந்த ஆவணத்தை எப்போது கையில் வைத்திருக்க வேண்டும், எந்த அளவீட்டைக் கேட்காமல் தோண்டவே கூடாது என்பவற்றை எவரும் ஒரே இடத்தில் சொல்லவில்லை. நான் பெரும்பாடு பட்டு அறிந்துகொண்டதை நீங்கள் எளிதாக அறிந்துகொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

எடுத்துக்காட்டுகளைப் பெரும்பாலும் சிங்கப்பூர்ச் சூழலிலிருந்து தருகிறேன். அங்கே தாம்சன்-ஈஸ்ட் கோஸ்ட் பாதையின் மரினா பே நிலையத்தை, ஏற்கெனவே ரயில்கள் ஓடிக்கொண்டிருந்த வடக்கு-தெற்குப் பாதைச் சுரங்கங்களுக்கு அடியில் அமைக்கும்போது இம்முறை பயன்பட்டது. அந்நிலையம் 2022 நவம்பரில் திறக்கப்பட்டது. மென்மையான கடற்களிமண், சூடான நிலம், மேலே நிறுத்த முடியாத ரயில் ஆகிய மூன்றும் ஒன்றுசேரும் இடத்தில் இம்முறையின் நன்மையும் சிக்கலும் முழுமையாக வெளிப்படுகின்றன.

1. உங்கள் நிலத்துக்கு இது பொருந்துமா என்று முதலில் பாருங்கள்

நீர் இருந்தால்தான் உறைய முடியும். நிலத்தடி நீர்மட்டத்துக்கு மேலேயுள்ள வறண்ட மணலை எவ்வளவு குளிர்வித்தாலும் அது வலுப்பெறாது. அங்கே நீர் பாய்ச்ச வேண்டியிருக்கும், அல்லது வேறு முறையைத் தேட வேண்டும். நீர் நிறைந்த மண் என்றால் மணல், வண்டல், களிமண், சரளை என எதையும் உறையவைக்கலாம். சிமென்ட் கலவையைச் செலுத்தும் முறைகள் மண்ணின் துளைகளையும் அடுக்குகளையும் சார்ந்து ஓரிடத்தில் நன்றாகவும் இன்னோரிடத்தில் மோசமாகவும் அமைகின்றன. குளிரோ எல்லா அடுக்குகளிலும் பரவும். இம்முறையைத் தேர்ந்தெடுக்க இது ஒன்றே போதுமான காரணம் என்பது என் கருத்து.

ஆனால் ஓடும் நீர் இம்முறையின் முதல் எதிரி. குழாயைச் சுற்றி உருவாகும் உறைமண் உருளைகள் பருத்து ஒன்றோடொன்று சேர வேண்டும். இடையில் நீர் வேகமாக ஓடினால் அது தொடர்ந்து வெப்பத்தைக் கொண்டுவந்து சேர்த்து அந்த இடைவெளியை மூடவிடாது. குளிர்ந்த உப்புக்கரைசலைச் சுழலவிடும் முறைக்கு, நிலத்தடி நீரோட்டத்தின் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் என்பது பொதுவாகக் கூறப்படும் மேல்வரம்பு. நீரூடுதிறன் விநாடிக்கு 0.0001 மீட்டரும் துளைமை (மண்ணில் இடைவெளிகளின் பங்கு) 35 விழுக்காடும் கொண்ட மணலில், நூற்றுக்கு ஒன்று என்ற நீர்மட்டச் சரிவில், நீர் நாளொன்றுக்குக் கால் மீட்டர்தான் நகரும். அதே மணலில் பக்கத்து மனையில் ஒருவர் நீரிறைக்கத் தொடங்கி, சரிவு பத்துக்கு ஒன்றாக உயர்ந்தால், வேகம் 2.5 மீட்டரைத் தொட்டுவிடும். ஆகவே உங்கள் மனையை மட்டும் ஆராய்ந்து திருப்தியடையாதீர்கள். சுற்றுவட்டாரத்தில் எவர் நீரிறைக்கிறார், இனி எவர் இறைக்கப்போகிறார் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஜப்பானின் ஃபுகுஷிமா தாய்இச்சி அணுமின் நிலையத்தைச் சுற்றி ஏறக்குறைய 1.5 கிலோமீட்டர் நீளத்துக்கும் 30 மீட்டர் ஆழத்துக்கும் அமைந்த உறைமண் சுவரை 2016 மார்ச்சில் உறையவைக்கத் தொடங்கியபோது, நீர் வேகமாக ஓடிய சில இடங்கள் உறையாமல் நின்றன. அங்கே கலவை செலுத்தி நீரோட்டத்தைக் குறைத்த பிறகே குளிர் பிடித்தது.

இரண்டாவதாக, உப்பைப் பாருங்கள். கடல்நீரின் அளவு உப்புள்ள நீர் மைனஸ் 2 டிகிரி செல்சியஸை நெருங்கும்போதுதான் உறையத் தொடங்குகிறது. உறையும் நீர் உப்பை வெளியே தள்ளுவதால் எஞ்சிய நீர் மேலும் உப்பேறி உறையாமல் தங்குகிறது. எனவே கடற்களிமண்ணில் வெப்பமானி மைனஸ் 1 டிகிரியைக் காட்டினால் அது உறைந்த மண் என்று எண்ணிவிடாதீர்கள். மண் மாதிரியில் உப்பளவைச் சோதிக்க ஆகும் செலவு மிகச் சிறியது. அதைச் சோதனைப் பட்டியலில் சேர்க்காமல் விடுவதோ மிகப் பரவலாக இருக்கிறது.

2. உப்புக்கரைசலா, திரவ நைட்ரஜனா என்று முடிவு செய்யுங்கள்

உப்புக்கரைசல் என்பது பெரும்பாலும் கால்சியம் குளோரைடு கரைசல். அதனை மைனஸ் 25 முதல் மைனஸ் 35 டிகிரி வரை குளிர்வித்துக் குழாய்களில் சுழலவிடுவார்கள். வெப்பத்தை எடுத்துக்கொண்டு திரும்பும் கரைசலை இயந்திரம் மீண்டும் குளிர்விக்கும். இது மூடிய சுற்று. சுவர் உருவாக வாரக்கணக்கில், சில வேளைகளில் மாதக்கணக்கில் ஆகும்.

திரவ நைட்ரஜன் மைனஸ் 196 டிகிரியில் கொதிப்பது. லாரியில் வரும் திரவத்தைக் குழாய்க்குள் செலுத்தினால், அது ஆவியாகி வெப்பத்தை எடுத்துக்கொண்டு காற்றில் கலந்துவிடும். சில நாட்களில் சுவர் உருவாகிவிடும். வேகமாக ஓடும் நீரையும் இது ஓரளவு சமாளிக்கும். ஆனால் திரவம் திரும்ப வராது, ஒவ்வொரு லிட்டரும் செலவுக் கணக்கில் ஏறும்.

என் பரிந்துரை இதுதான்: பெரிய கனஅளவும் நீண்ட காலமும் தேவைப்படும் பணிக்கு உப்புக்கரைசல், சிறிய இடம், அவசர நீர்க்கசிவு, மூட மறுக்கும் இடைவெளி ஆகியவற்றுக்குத் திரவ நைட்ரஜன். உப்புக்கரைசல் பணியிலும் சில குழாய்களை அவசரத்தில் நைட்ரஜனுக்கு மாற்றும் வகையில் அமைத்து வையுங்கள். அவற்றைத் தொடக்கத்திலேயே கடுங்குளிர் தாங்கும் துருப்பிடிக்காத எஃகில் அல்லது செம்பில் செய்ய வேண்டும். சாதாரணக் கார்பன் எஃகு அந்தக் குளிரில் நொறுங்கும். பின்னர் மனம் மாறினால் பயனில்லை.

3. வெப்பக் கணக்கை நீங்களே ஒருமுறை போடுங்கள்

உறைவிப்பு நிறுவனம் விரிவான கணினிப் பகுப்பாய்வைத் தரும். அதற்கு முன் ஒரு தாளில் நீங்கள் போடும் கணக்கு, ஒப்பந்தத்தில் எழுதப்பட்ட நாட்கள் நடக்கக்கூடியவையா என்பதைக் காட்டிக்கொடுக்கும். இந்தப் படியில் நான் சற்று விரிவாகவே நிற்கப்போகிறேன், ஏனெனில் பிற்காலச் சச்சரவுகளில் பெரும்பாலானவை இங்கே விதைக்கப்படுகின்றன.

ஒரு கிலோ நீர் உறைய 334 கிலோஜூல் வெப்பத்தை அதிலிருந்து எடுக்க வேண்டும். கனஅளவில் 60 விழுக்காடு நீருள்ள கடற்களிமண்ணில் ஒரு கனமீட்டருக்கு 600 கிலோ நீர். அதை உறையவைக்க மட்டும் 200 மெகாஜூல். சிங்கப்பூரில் நிலத்தின் வெப்பநிலை 28 டிகிரி அளவில் இருப்பதால், உறையத் தொடங்கும் முன்பே அதைச் சுழியத்துக்குக் கொண்டுவர ஏறத்தாழ 90 மெகாஜூல் தேவை. அங்கிருந்து சராசரி மைனஸ் 10 டிகிரிக்கு இறக்க மேலும் 20. ஆக மொத்தம் கனமீட்டருக்கு 310 மெகாஜூல். நிலம் 12 டிகிரியில் உள்ள ஐரோப்பிய நகரமொன்றில், 40 விழுக்காடு நீருள்ள மணலுக்கு இதே கணக்கைப் போட்டால் 190 மெகாஜூல்தான் வரும்.

இனி 100 குழாய்கள், ஒவ்வொன்றும் 20 மீட்டர் நீளம், 108 மில்லிமீட்டர் விட்டம், ஒரு மீட்டர் இடைவெளி, 2 மீட்டர் தடிமனான சுவர் என்று வைத்துக்கொள்வோம். சுவரின் கனஅளவு 4,000 கனமீட்டர். குழாய்களின் மொத்தப் பரப்பு ஏறத்தாழ 680 சதுர மீட்டர். குழாயின் ஒரு சதுர மீட்டர் பரப்பு சராசரியாக 0.25 கிலோவாட் வெப்பத்தை எடுக்கும் என்று கொண்டால், மொத்தம் 170 கிலோவாட். அந்த வேகத்தில் ஐரோப்பிய மணல் 52 நாட்களில் உறையும். நம் கடற்களிமண்ணுக்கு 84 நாட்கள் ஆகும். இத்தனைக்கும் சுவருக்கு வெளியிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வெப்பத்தை இதில் நான் சேர்க்கவில்லை. ஆகவே குளிர்நாட்டு அனுபவத்தை வைத்து எவரேனும் "நாற்பது நாளில் முடித்துவிடலாம்" என்று சொன்னால், இந்தத் தாளை அவர்முன் வையுங்கள். இடைவெளியை 0.8 மீட்டராகக் குறைத்து 125 குழாய்களாக்கினால் 68 நாட்களுக்கு வரும். துளையிடும் செலவு கால் பங்கு கூடும். பெரிய இயந்திரத்தைக் கொண்டுவருவதால் மட்டும் காலம் குறையாது, ஏனெனில் தடை இயந்திரத்தில் இல்லை, குழாய்க்கும் மண்ணுக்கும் இடையிலான வெப்பப் பரிமாற்றத்தில் இருக்கிறது.

மின்செலவையும் இதிலிருந்தே கணிக்கலாம். 170 கிலோவாட்டுடன் குழாய்வழி இழப்புக்கு 20 விழுக்காடு சேர்த்தால் 204 கிலோவாட் குளிரூட்டும் திறன். வெளியே வெயிலும் உள்ளே மைனஸ் 30 டிகிரியும் இருக்கும்போது ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒன்றே முக்கால் யூனிட் அளவுக்கு மேல் குளிரை எதிர்பார்க்காதீர்கள். அப்படியெனில் 120 கிலோவாட் மின்சாரம், நாளொன்றுக்கு ஏறத்தாழ 2,900 யூனிட், 84 நாட்களுக்கு 2.4 லட்சம் யூனிட். பம்புகளும் கூலிங் டவரும் தனி. உங்கள் கட்டண விகிதத்தால் பெருக்கிக்கொள்ளுங்கள். சுவர் உருவான பிறகும் மின்சாரம் நிற்காது. தோண்டி முடித்து நிரந்தரக் கான்கிரீட் வலுப்பெறும் வரை, தொடக்கத் திறனில் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். தோண்டும் பணி ஒரு மாதம் தாமதமானால், அந்த மாத மின்கட்டணமும் இயந்திர வாடகையும் யாருடைய பொறுப்பு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

திரவ நைட்ரஜனுக்கு ஒரு கிலோ ஏறத்தாழ 340 கிலோஜூல் வெப்பத்தை எடுக்கும் என்று கொள்ளலாம், ஆவியாகிய வாயு மைனஸ் 60 டிகிரியில் வெளியேறுவதாக வைத்து. அதே கடற்களிமண்ணுக்குக் கனமீட்டருக்கு 900 கிலோவைத் தாண்டும்; அதாவது இழப்பின்றியே 1,100 லிட்டருக்கு மேல். ஆகவேதான் 4,000 கனமீட்டர் சுவருக்கு எவரும் அதை விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை.

4. ஆவணங்களையும் அனுமதிகளையும் துளைக்கு முன்பே சேருங்கள்

முதல் ஆவணம் மண் ஆய்வறிக்கை. வழக்கமான போர்ஹோல் அறிக்கையில் இப்பணிக்குத் தேவையான பாதி இருக்காது. நீரோட்டத் திசையும் வேகமும், மண்ணின் வெப்பக் கடத்துதிறன், உப்பளவு, நிலத்தின் வெப்பநிலை, உறைந்த நிலையில் மண்ணின் அமுக்க வலிமை, நீண்ட காலச் சுமையில் அது மெல்ல நெளியும் அளவு, உறையும்போது எவ்வளவு பொங்கும், உருகும்போது எவ்வளவு அமுங்கும் ஆகிய அனைத்தும் வேண்டும். உறைந்த மண்ணின் நெளிவுச் சோதனைகள் இயல்பிலேயே நீண்ட நேரம் எடுப்பவை. குளிர் அறையுடன் கூடிய ஆய்வகங்களும் குறைவு. எனவே மாதிரிகளைத் திட்டத்தின் முதல் வாரங்களிலேயே அனுப்பிவிடுங்கள். வடிவமைப்பு முடிந்தபின் வந்து சேரும் சோதனை முடிவு அலமாரியை நிரப்ப மட்டுமே உதவும்.

சிங்கப்பூரில் 6 மீட்டருக்கு மேல் ஆழமான தோண்டல் நிலத்தொழில்நுட்பக் கட்டுமானப் பணியாகக் கருதப்படுகிறது. அதற்கு அத்துறையில் பதிவுபெற்ற நிபுணத்துவப் பொறியாளரின் வடிவமைப்பும், தனிநிலைச் சரிபார்ப்பாளரின் ஒப்புதலும், கட்டட, கட்டுமான ஆணையத்தின் அனுமதியும் தேவை. ரயில் கட்டமைப்பிலிருந்து 40 மீட்டருக்குள் என்றால் அது ரயில் பாதுகாப்பு வட்டம். நிலப் போக்குவரத்து ஆணையத்திடம் தனியே விண்ணப்பிக்க வேண்டும். அங்கே ரயில் கட்டமைப்பின் அசைவு எந்தத் திசையிலும் 15 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. உறைவிப்பு நிலத்தை மேலே தூக்கும், உருகல் கீழே இறக்கும். இரண்டுக்கும் சேர்த்தே அந்த 15 மில்லிமீட்டரில் இடம் ஒதுக்கி வடிவமைப்பு அறிக்கையில் காட்டுங்கள். தோண்டலால் வரும் அசைவை மட்டும் காட்டும் அறிக்கை கேள்விகளுடன் திரும்பி வரும், வாரங்கள் வீணாகும்.

இவற்றுடன், துளையிடும் முன் உரிமம் பெற்ற கேபிள் கண்டறியும் பணியாளரின் அறிக்கை, அடைபட்ட இடத்தில் நுழைவதற்கான பர்மிட், அம்மோனியா போன்ற குளிர்பதன வாயுவை வைத்திருப்பதற்கான தீப்பாதுகாப்பு ஏற்பாடு, பணி முடிந்தபின் உப்புக்கரைசலை எங்கே கொடுத்து அப்புறப்படுத்துவீர்கள் என்ற எழுத்துபூர்வமான திட்டம் ஆகியவற்றையும் கோப்பில் வையுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கன அளவில் பெரிய உப்புக்கரைசலை வடிகாலில் விட முடியாது. கடைசி வாரத்தில் அதற்கு ஆள் தேடினால் கேட்ட விலையைக் கொடுக்க வேண்டியிருக்கும்.

5. துளை நேராக இருப்பதை விட்டுக்கொடுக்காதீர்கள்

ஒரு துளை அதன் நீளத்தில் நூற்றுக்கு ஒன்று விலகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதுவது வழக்கம். 20 மீட்டர் துளையில் அது 20 சென்டிமீட்டர். அடுத்தடுத்த இரு துளைகள் எதிரெதிர்த் திசையில் விலகினால், அடியில் ஒரு மீட்டர் இடைவெளி 1.4 மீட்டராகிவிடும். உறைய ஆகும் காலம் ஏறக்குறைய இடைவெளியின் வர்க்கத்தைப் பொறுத்து நீள்வதால், அந்த ஓரிடத்தில் மட்டும் காலம் இரட்டிப்பாகும். இரண்டு துளைகளும் தத்தம் வரம்புக்குள்தான் இருக்கின்றன. ஆயினும் சுவரில் ஓட்டை விழுகிறது. ஆகவே ஒவ்வொரு துளையின் விலகலுக்கு மட்டுமன்றி, அடுத்தடுத்த குழாய்களின் அதிகபட்ச இடைவெளிக்கும் எந்த ஆழத்திலும் பொருந்தும் வரம்பு ஒன்றை எழுதுங்கள்.

ஒவ்வொரு துளையையும் முழு ஆழத்துக்கும் அளந்து, வெவ்வேறு ஆழங்களில் குழாய்கள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்ற வரைபடத்தைத் தயாரியுங்கள். வரம்பு மீறிய இடத்தில் கூடுதல் குழாய் இறக்கும் செலவை முன்கூட்டியே மதிப்பீட்டில் சேர்த்துவிடுங்கள். துளையிடும் இயந்திரம் களத்தை விட்டுப் போனபின் அதைத் திரும்ப அழைப்பது பன்மடங்கு செலவாகும்.

இறக்கிய குழாய் ஒவ்வொன்றையும் வேலை அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்குக்குக் குறையாத அழுத்தத்தில் நீர் நிரப்பிச் சோதியுங்கள். மண்ணுக்குள் கசியும் உப்புக்கரைசல், தான் பரவிய மண்ணை உறையவிடாமல் கெடுத்துவிடும். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை.

6. குளிரூட்டும் நிலையத்தையும் மாற்று மின்சாரத்தையும் அமைத்தல்

கம்ப்ரஸர், பம்பு, கூலிங் டவர் ஒவ்வொன்றிலும் உபரியாக ஒன்று களத்தில் இருக்க வேண்டும். ஜெனரேட்டரும் அப்படியே, அதை வாரம் ஒருமுறை உண்மையான சுமையில் ஓட்டிப் பாருங்கள். வெயில் நாட்களின் பிற்பகலில் இயந்திரத்தின் திறன் குறையும் என்பதால், தயாரிப்பாளர் தரும் திறன் எந்த வெளிவெப்பநிலையில் அளந்தது என்று கேளுங்கள். குளிர்க்குழாய்களுக்கு வெப்பக்காப்பு தடிமனாகவும் ஈரம் புகாததாகவும் இருக்கட்டும். நம் காற்றின் ஈரப்பதத்தில் சிறு கிழிசல் வழியாகவும் பனிக்கட்டி படர்ந்து காப்பைப் பிளந்துவிடும்.

நைட்ரஜன் பயன்படும் களத்தில் ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 700 லிட்டர் வாயுவாகும் என்பதை ஒவ்வொரு தொழிலாளிக்கும் அவரது மொழியில் சொல்லிவிடுங்கள். அதற்கு மணமில்லை, நிறமில்லை; குளிர்ந்த வாயு பள்ளத்தின் அடியில் தேங்கும். ஆக்சிஜன் அளவு 19.5 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கினால் ஒலிக்கும் கருவி பள்ளத்தின் அடியிலும் இருக்க வேண்டும், இறங்குபவரின் சட்டையிலும் இருக்க வேண்டும். ஆவியாகும் வாயுவைக் குழாய்வழியே உயரத்தில், ஆள் நடமாட்டமில்லாத திசையில் வெளியேற்றுங்கள். தமிழ்த் தொழிலாளர்கள் நிறைந்த களத்தில் தமிழிலேயே ஒரு பாதுகாப்புக் கூட்டம் நடத்துங்கள்; அதற்குச் செலவாகும் அரைமணி நேரத்தை எவரும் குறைசொல்ல அனுமதிக்காதீர்கள்.

7. உறையும் காலத்தில் எவற்றைப் படிக்க வேண்டும்

வெப்பமானிகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதே இங்கே முதன்மையான கேள்வி. உறைகுழாய்க்கு அருகில் வைத்தால் அது விரைவில் மைனஸ் 20 டிகிரியைக் காட்டி அனைவரையும் மகிழ்விக்கும். சுவரைப் பற்றி எதுவும் சொல்லாது. துளை வரைபடத்தை எடுத்து, இடைவெளி மிக அகலமான இடங்களில், இரு குழாய்களுக்கும் நடுவில், வெவ்வேறு ஆழங்களில் வையுங்கள். சுவரின் உள்விளிம்பிலும் வெளிவிளிம்பிலும் தனித்தனி வரிசைகள் வேண்டும். ஓடும் நீர் வந்து மோதும் பக்கத்தில் கூடுதலாக வையுங்கள்.

இரண்டு சுரங்கங்களுக்கிடையே இணைப்புச் சுரங்கம் தோண்டுபவர்கள் இன்னோரிடத்தையும் கவனிக்க வேண்டும். உறைமண் சுரங்கத்தின் கான்கிரீட் வளையத்தைத் தொடும் இடத்தில், சுரங்கத்தினுள் இருக்கும் சூடான காற்றின் வெப்பம் வளையத்தின் வழியே நுழைந்து, உறைமண்ணைத் தொடுமிடத்தில் மெலியச் செய்யும். அந்தப் பகுதியின் உட்புறத்தில் வெப்பக்காப்புப் பலகை ஒட்டி, தேவையெனில் வளையத்தின் மேலேயே குளிர்க்குழாய் பதித்து, வளையத்தின் பின்புறத்தில் வெப்பமானி வைக்க வேண்டும்.

கரைசலின் போகும் வெப்பநிலை, திரும்பும் வெப்பநிலை, ஒவ்வொரு குழாய்த் தொகுதியின் ஓட்ட அளவு, தொட்டியின் மட்டம் ஆகியவற்றை இரவும் பகலும் பதிவு செய்யுங்கள். தொடக்கத்தில் போகும், திரும்பும் கரைசல்களின் வேறுபாடு பெரிதாக இருக்கும். மண் குளிரக் குளிர அது 2 டிகிரிக்குள் சுருங்கும். எல்லாத் தொகுதிகளிலும் சுருங்கி ஒன்றில் மட்டும் சுருங்காவிட்டால், அங்கே நீர் ஓடுகிறது என்று ஐயப்படுங்கள். தொட்டியின் மட்டம் காரணமின்றி இறங்கினால், கசிவைக் கண்டுபிடிக்கும் வரை அந்தத் தொகுதியை மூடிவையுங்கள்.

8. தோண்ட அனுமதி கொடுக்கும் முன்

இந்தப் படியில்தான் அவசரம் உயிரைப் பறிக்கும். நாட்காட்டியில் குறித்த நாள் வந்துவிட்டது என்பது தோண்டத் தொடங்கக் காரணமாகாது. பின்வருவன அனைத்தும் நிறைவேறி, வடிவமைப்பாளர், உறைவிப்பு நிறுவனம், முதன்மை ஒப்பந்தக்காரர், மேற்பார்வைப் பொறியாளர் ஆகியோர் ஒரே தாளில் கையொப்பமிட்ட பிறகே கருவி மண்ணைத் தொட வேண்டும்: எல்லா வெப்பமானிகளின் அளவையும் கொண்டு கணித்த சுவரின் தடிமனும் சராசரி வெப்பநிலையும் வடிவமைப்பை எட்டியிருக்க வேண்டும், கரைசலின் வெப்பநிலை வேறுபாடு நிலைபெற்றிருக்க வேண்டும், மூடிய உறைமண் கூட்டுக்குள் நீரழுத்தம் உயர்ந்திருக்க வேண்டும்.

கடைசியில் சொன்ன அழுத்தமே நான் மிகவும் நம்பும் சான்று. உறையும் நீர் 9 விழுக்காடு விரிவதால், நான்கு பக்கமும் மூடிய உறைமண்ணுக்குள் சிக்கிய நீருக்குப் போக இடமின்றி அழுத்தம் ஏறும். வெளியே நிலத்தடி நீரழுத்தம் மாறாமல் உள்ளே மட்டும் ஏறினால், சுவர் மூடிவிட்டது என்று பொருள். ஏறவே இல்லையென்றால், வெப்பமானிகள் என்ன காட்டினாலும் எங்கோ திறப்பு இருக்கிறது. இதற்காகக் கூட்டினுள் அழுத்தமானியுடன் கூடிய வெளியேற்றத் துளைகளை முன்பே அமைத்து வையுங்கள். அழுத்தம் ஏறிய பிறகு அத்துளைகளைத் திறந்து பாருங்கள்: சிறிது நீர் வந்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் வந்தால், அதிலும் மணல் கலந்து வந்தால், மூடிவிட்டு உறைவிப்பைத் தொடருங்கள்.

2003 ஜூலை 1 அன்று ஷாங்காய் மெட்ரோவின் 4-ஆம் பாதையில், ஹுவாங்பூ ஆற்றங்கரையை ஒட்டி உறைமண்ணில் இணைப்புச் சுரங்கம் அமைக்கும்போது நீரும் மணலும் உட்புகுந்து சுரங்கங்கள் சேதமடைந்தன. தரை இறங்கிக் கட்டடங்கள் சாய்ந்தன. நேரடி இழப்பு ஏறத்தாழ 15 கோடி யுவான் என்று மதிப்பிடப்பட்டது. விபத்துக்கு முந்தைய நாட்களில் குளிரூட்டும் கருவி பழுதாகி உறைமண்ணின் வெப்பநிலை உயர்ந்திருந்தது. எந்த வெப்பநிலையில் பணியை நிறுத்த வேண்டும், எந்த வெப்பநிலையில் ஆட்களை வெளியேற்ற வேண்டும், நிறுத்தும் அதிகாரம் இரவுப் பணியில் யாருக்கு உண்டு என்பவற்றைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுரங்க வாயிலில் ஒட்டுங்கள். அந்த அதிகாரம் களத்தில் நிற்பவரிடமே இருக்க வேண்டும்.

9. தோண்டும் நாட்கள்

உறைந்த மணல் மென்பாறை போன்ற வலிமை கொண்டது. சாதாரண எக்ஸ்கவேட்டரின் பற்கள் வழுக்கும். வெட்டும் கருவியோ உடைப்புச் சுத்தியலோ தேவைப்படும், அதற்கேற்ப நாட்களைக் கூட்டிக்கொள்ளுங்கள். உறைகுழாய்களின் உண்மையான இருப்பிடத்தை ஒவ்வொரு சுற்றுக்கும் முன் முகப்பில் வண்ணத்தால் குறியுங்கள். இணைப்புச் சுரங்கத்தில் ஒரு சுற்றுக்கு அரை மீட்டர் முதல் 0.8 மீட்டர் வரை மட்டும் வெட்டி, எஃகுச் சட்டமும் ஷாட்கிரீட் எனப்படும் தெளிப்புக் கான்கிரீட்டும் அமைத்த பிறகே அடுத்ததைத் தொடங்குங்கள். உறைமண் சுமையின்கீழ் நாளாக நாளாக நெளிவது. ஆகவே திறந்து வைக்கும் நேரமும் வடிவமைப்பின் ஒரு பகுதி. விடுமுறை நாட்களில் முகப்பைத் திறந்தபடி விட்டுச் செல்லாதீர்கள்.

சிமென்ட் இறுகும்போது வெளிவிடும் வெப்பம் உறைமண்ணை உருக்கும். உறைமண்ணின் குளிர் கான்கிரீட்டை இறுகவிடாது. இரண்டையும் காக்க இடையில் ஒரு வெப்பக்காப்பு அடுக்கு வேண்டும். களத்திலேயே வார்த்த சோதனைக் கட்டிகளை அதே குளிரில் வைத்து வலிமை பார்த்த பிறகே கான்கிரீட்டை நம்புங்கள். ஆய்வகத்தின் இதமான நீர்த்தொட்டியில் வளர்ந்த கட்டி வேறு கதையைச் சொல்லும்.

இந்நாட்களில் மேலே தரையும் எழும்பிக்கொண்டிருக்கலாம். களிமண்ணும் வண்டலும் உறையும்போது சுற்றியுள்ள நீரையும் ஈர்த்துப் பனிப்படலங்களாக வளர்வதால், 9 விழுக்காட்டுக்கும் அதிகமாகப் பொங்கும். அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ரயில் தண்டவாளங்களுக்கு அடியில் நிலத்தை உறையவைத்துப் பெட்டிச் சுரங்கங்களைத் தள்ளி நுழைத்தபோது, தண்டவாளங்கள் எழும்பியதால் அவற்றைத் தொடர்ந்து சரிசெய்துகொண்டே ரயில்களை ஓட்டினார்கள். சுவர் போதிய தடிமனை எட்டியதும் கரைசலின் ஓட்டத்தைக் குறைத்தோ, இடைவிட்டு இயக்கியோ தேவையற்ற வளர்ச்சியை நிறுத்துங்கள். அளவுக்கு மீறித் தடித்த சுவர் பாதுகாப்பானது என்று எண்ணி விட்டுவிட்டால், அண்டைக் கட்டமைப்பு அதன் விலையைக் கொடுக்கும்.

10. உருகும் காலத்துக்கும் பணமும் ஆளும் ஒதுக்குங்கள்

இயந்திரத்தை நிறுத்தியதோடு பெரும்பாலான மதிப்பீடுகள் முடிந்துவிடுகின்றன. களிமண்ணில் உண்மையான சிக்கல் அப்போதுதான் தொடங்குகிறது. பனிப்படலங்கள் உருகி நீர் வெளியேற, மண் முன்பிருந்ததைவிடக் கீழே அமுங்கும். பொங்கிய அளவைக் காட்டிலும் அதிகமாகவே இறங்கக்கூடும். சூடான கரைசலைச் சுழலவிட்டு விரைவாக உருக்கலாம், அல்லது தானாக உருக விடலாம். தானாக உருகப் பல மாதங்கள் ஆகும். அமுங்கல் தோன்றத் தோன்ற, நிரந்தரச் சுவரில் முன்பே பதித்த குழாய்களின் வழியே சிமென்ட் கலவையைச் சிறிது சிறிதாக, குறைந்த அழுத்தத்தில் செலுத்தி நிரப்ப வேண்டும். மேலே ரயில் ஓடும் இடங்களில் விரைவாக உருக்கி, ஆட்களும் கருவிகளும் களத்தில் இருக்கும்போதே நிரப்பி முடிப்பதைத்தான் நான் பரிந்துரைப்பேன்.

கலவைக் குழாய்களைப் பதிக்கும் வரியை நிரந்தரக் கான்கிரீட்டின் வரைபடத்திலேயே சேர்த்துவிடுங்கள். பின்னர் துளைத்தால் நீர்த்தடுப்புத் தாள் கிழியும். உறைகுழாய்களிலிருந்து கரைசலை முழுதும் வெளியேற்றி, அடிவரை சிமென்ட் கலவையால் நிரப்பி, நிரப்பிய அளவைக் குழாய்வாரியாகப் பதிவு செய்யுங்கள். வெற்றுக் குழாய் நீருக்கு வழியாகிவிடும். நில அசைவுக் கண்காணிப்பை, வெப்பமானிகள் எல்லாம் நிலத்தின் இயல்பான வெப்பநிலைக்குத் திரும்பி, அளவீடுகளும் தொடர்ந்து நிலைத்திருக்கும் வரை ஒப்பந்தத்தில் நீட்டித்து எழுதுங்கள். இறுதிப் பணம் வழங்கும் நிபந்தனையாக, துளை வரைபடம், வெப்பநிலைப் பதிவேடு, கலவை நிரப்பிய பதிவு, அசைவு அளவீடுகள் ஆகிய நான்கையும் கட்டமைப்பின் உரிமையாளரிடம் ஒப்படைத்த ரசீதைக் கேளுங்கள்.